கல் மேல் மூன்று வருடம்: டோக்கியோவிலிருந்து ஓர் அனிமேட்டரின் கடிதம்

இந்த முறை கடிதம் டோக்கியோவிலிருந்து. எழுதியவருக்கு 27 வயது, சொந்த ஊர் திருச்சிப் பக்கம். பெயர், ஸ்டூடியோ எதுவும் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருக்கிறார், அதனால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தின் சுருக்கம் இது. சென்னையில் படிப்பை முடித்துவிட்டு டோக்கியோ போனவர், அங்கே மொழிப் பள்ளி, அப்புறம் இரண்டு வருட அனிமேஷன் தொழிற்பள்ளி எல்லாம் முடித்து, இரண்டு வருடமாக ஒரு நடுத்தர ஸ்டூடியோவில் வரைகிறார். முக்கியப் படங்களுக்கு இடையில் வரும் படங்களை வரையும் இன்பிட்வீனில் ஆரம்பித்து, இப்போது அந்த முக்கியப் படங்களையே வரையும் கீ அனிமேஷனின் இரண்டாம் கட்டம் வரை வந்துவிட்டார். மாதம் 1 லட்சத்து 90 ஆயிரம் யென். ஒப்பந்தத்தின் தலைப்பு 'கியோமு இதாகு', அதாவது வெளி ஆளிடம் வேலையை ஒப்படைக்கும் ஒப்பந்தம். ஆனால் காலை 10 மணிக்கு மேசையில் இருக்க வேண்டும், கிளம்ப இரவு 11 ஆகும், சனிக்கிழமையும் உண்டு. மாதத்துக்கு 280 மணி நேரம் வருகிறது என்று அவரே கணக்குப் போட்டிருக்கிறார். வலது மணிக்கட்டு மரத்துப்போகிறது, ரயிலில் தூங்கிக் கடைசி ஸ்டேஷன் வரை போய்விடுகிறார்.

ஒசாகாவில் ஒரு கேம் கம்பெனி 2 லட்சத்து 80 ஆயிரம் யென்னுக்கு நிரந்தர வேலை தருகிறது. அப்பா ஊருக்கே வந்துவிடு என்கிறார். பக்கத்து மேசை சீனியரோ, "கல் மேல் மூன்று வருடம் உட்கார்ந்தால் கல்லும் சூடாகும்" என்ற ஜப்பானியப் பழமொழியைச் சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்கிறார். நடுவில் விட்டுப் போனால் 5 லட்சம் யென் நஷ்டஈடு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. விசா போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. வீட்டில் தனக்காக வரைந்த கதாபாத்திரங்களும் கம்பெனிக்கே சொந்தமா என்று கேட்கிறார். கடைசியாக இப்படி முடித்திருக்கிறார்: "இவ்வளவு கஷ்டப்படுவதால்தானே இவர்கள் படம் இவ்வளவு அழகாக இருக்கிறது? என்னால் தாங்க முடியவில்லை என்றால் எனக்குத் தகுதி இல்லை என்றுதானே அர்த்தம்?"

அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் சட்டக் கேள்விகளுக்கு நான் என்ன பதில் சொன்னாலும் இந்த நினைப்பு மாறாத வரை நீங்கள் அந்த மேசையை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஜப்பானில் வழக்காடும் வக்கீல் இல்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் ஒப்பந்தங்களைப் படித்து, எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்று சொல்வது என் தொழில். கடைசி அடி எடுத்து வைக்கும்போது அங்கேயே ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும், யாரை, எங்கே என்பதைக் கீழே சொல்கிறேன்.

அழகு வேறு, இரவு பதினொரு மணி வேறு

கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் மஞ்சள் தாள் பற்றி நீங்கள் எழுதியது. நீங்கள் வரைந்த படத்தின் மேல் அனிமேஷன் டைரக்டர் ஒரு மெல்லிய மஞ்சள் தாளை வைத்து, கை திரும்பிய பிறகு கிமோனோவின் கைப்பகுதி எத்தனை ஃப்ரேம் பின்தங்கி வந்து சேர வேண்டும் என்று நாலே கோட்டில் காட்டியிருக்கிறார். அந்தத் தாள்களையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் வரையக் கற்றுக்கொண்டேன் என்கிறீர்கள். சரி, இப்போது யோசித்துப் பாருங்கள், அந்த நாலு கோடு போட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதைப் பார்த்து நீங்கள் கற்றது காலை பதினொரு மணிக்கா, இரவு பதினொரு மணிக்கா? ஜப்பானிய அனிமேஷனின் பலம் அந்தத் தாளில் இருக்கிறது. லேஅவுட், கீ, திருத்தம், இன்பிட்வீன், அதற்கு மேல் ஒரு சரிபார்ப்பு என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் கை பட்டதை இன்னொருவர் பார்க்கிறார், எந்த வரைபடம் எத்தனை ஃப்ரேம் நிற்கும் என்று டைம் ஷீட்டில் எழுதி வைத்திருப்பதால் நாளைக்கு வேறு ஒருவர் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து எடுக்கலாம். வேறு எந்த ஊரிலும் இளம் கலைஞர்களுக்கு இவ்வளவு ஒழுங்காகத் தொழில் கைமாறுவது அபூர்வம், அதை நீங்கள் வாங்கிக்கொண்டது உங்கள் அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை.

ஆனால் இரவு பதினொரு மணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது கணக்கு வழக்கிலிருந்து வருவது. 1963-ல் காமிக்ஸ் கலைஞர் தெசுகா ஒசாமு வாரா வாரம் ஒளிபரப்பாகும் அரைமணி நேரத் தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தபோது, தயாரிப்புச் செலவுக்கே கட்டாத விலைக்கு ஒப்புக்கொண்டார். பொம்மை, மிட்டாய் உரிமங்களில் ஈடுகட்டிவிடலாம் என்பது எண்ணம். அந்த நெருக்கடியில்தான் வாயை மட்டும் அசைப்பது, ஒரே படத்தை மூன்று ஃப்ரேம் நிறுத்துவது, பழைய காட்சியை எடுத்து மறுபடி போடுவது போன்ற உத்திகள் பெருகின, அவையே பிறகு ஒரு அழகியலாகவும் ஆயின. குறைந்த விலையும் கூடவே நின்றுவிட்டது. எல்லாப் பழியையும் அவர் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன், அந்தத் தொடருக்குப் பிறகு அறுபது வருடம் ஓடிவிட்டது, மாற்ற நினைத்திருந்தால் மாற்றியிருக்கலாம். இப்போதைய ஏற்பாட்டில் டிவி நிலையம், பதிப்பகம், இசை நிறுவனம், பொம்மைக் கம்பெனி எல்லாம் சேர்ந்து ஒரு தயாரிப்புக் குழு அமைத்துப் பணம் போடுகின்றன, லாபமும் உரிமையும் பணம் போட்டவர்களுக்கு. ஸ்டூடியோ தானும் முதலீடு செய்திருந்தால் ஒழிய அதற்குக் கிடைப்பது முன்பே பேசிய தொகை மட்டும். ஒளிபரப்புத் தேதி நகராது, தொகையும் நகராது. அப்போது நகரக்கூடியது ஒன்றுதான் மிச்சம், உங்கள் தூக்கம். 2023-ல் அனிமே சந்தை 3 லட்சத்து 30 ஆயிரம் கோடி யென்னைத் தாண்டியது. 2015-ல் வெளியான அனிமேட்டர்கள் அமைப்பின் கணக்கெடுப்பில் இன்பிட்வீன் வரைபவரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென். அதற்குப் பிறகு நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கஷ்டம்தான் தரத்தைக் கொடுக்கிறது என்றால், மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்து, தானே பள்ளி நடத்திப் பயிற்சியும் கொடுக்கும் கியோட்டோ அனிமேஷனின் படங்கள் மட்டமாக இருந்திருக்க வேண்டும். உலகமே அவர்கள் வேலையைப் பார்த்து வாய் பிளக்கிறது. கிப்லி ஸ்டூடியோவும் 1989-க்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் ஆள் சேர்த்துக் கலைக்கும் முறையை விட்டு, ஊழியர்களை நிரந்தரமாக்கிச் சம்பளம் கொடுத்தது. அதன் தூண்களான தகாஹதாவும் மியாசாகியும் 1960-களில் தோயெய் ஸ்டூடியோவின் தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர்கள். கூலி பற்றிப் பேசினால் கலைஞன் இல்லை என்று உங்கள் சீனியர் சொன்னாராமே, அவருக்கு இதைச் சொல்லுங்கள்.

ஜப்பானிய வேலை முறை என்று பொதுவாகப் பேசுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டொயோட்டா தொழிற்சாலையில் கடைநிலைத் தொழிலாளி ஒருவர் ஏதோ தப்பாக இருப்பதைப் பார்த்தால் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்கலாம், குழுத் தலைவர் ஓடி வருவார், அதற்குள் சரியாகவில்லை என்றால் வரிசையே நின்றுவிடும். தரம் என்று அவர்கள் சொல்வதன் அடிப்படையே அந்த அதிகாரம்தான். உங்கள் ஸ்டூடியோவில் அப்படிக் கயிறு ஏதும் உண்டா? தினமும் நிலவரம் சொல், தகவல் கொடு, கலந்து பேசு என்கிற 'ஹோரென்சோ' பழக்கம் இருக்கிறது என்கிறீர்கள், நல்ல பழக்கம், எங்கே போனாலும் உதவும். ஆனால் நீங்கள் மேலே சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள், மேலிருந்து பதில் வருவதாகத் தெரியவில்லை. அதே டொயோட்டாவிலும் மறுபக்கம் உண்டு. 2002-ல் தரக் கட்டுப்பாட்டில் இருந்த 30 வயது ஊழியர் ஒருவர் ஆலையிலேயே சரிந்து இறந்தார். தரத்தை மேம்படுத்த ஊழியர்கள் சிறு குழுவாகக் கூடிப் பேசும் 'தர வட்ட'க் கூட்டங்கள் வேலை நேரத்துக்குப் பிறகு நடப்பவை, அவையெல்லாம் அவரவர் விருப்பத்தின் பேரில் செய்பவை, வேலைக் கணக்கில் வராது என்ற வாதத்தை 2007-ல் நகோயா மாவட்ட நீதிமன்றம் ஏற்கவில்லை, அதுவும் வேலைதான் என்றது. ஜப்பானில் ஆபத்து பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வருகிறது: யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, எல்லோரும் இருப்பதால் நீங்களும் இருக்கிறீர்கள்.

இன்னொன்று, ஜப்பானியர்கள்தான் உலகத்திலேயே அதிக நேரம் உழைப்பவர்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி-யின் கணக்கில் அங்கே வருடத்துக்குச் சராசரி சுமார் 1,600 மணி நேரம், அமெரிக்காவில் 1,800. பகுதி நேர ஊழியர்கள் ஏராளமாக இருப்பதும், கணக்கில் ஏறாத ஓவர்டைமும் இந்தச் சராசரியைக் கீழே இழுக்கின்றன. மணிக்கு எவ்வளவு உற்பத்தி என்று பார்த்தால் ஜி7 நாடுகளில் ஜப்பான் கடைசி வரிசையில்தான் நிற்கிறது.

முதலில் மணிக்கட்டு

இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். வேலை நேரத்தைச் சொல்லி, எழுத்தில் மருத்துவச் சான்று கேளுங்கள், அங்கே அதற்கு 'ஷிந்தான்ஷோ' என்று பெயர், பின்னால் எந்த வழிக்கும் தேவைப்படும். மாதத்துக்கு 280 மணி என்றால் சட்டப்படியான நேரத்துக்கு மேல் நூறு மணிக்கும் கூடுதல். ஒரு மாதத்தில் 100 மணி, அல்லது இரண்டு முதல் ஆறு மாதச் சராசரியில் 80 மணி ஓவர்டைம் இருந்தால் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வேலைதான் காரணம் என்று ஜப்பானிய அரசே வலுவாகச் சந்தேகிக்கும் கோடு அது. நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறீர்கள், வயது 27 என்பதால் தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். டெண்ட்சு விளம்பர நிறுவனத்தில் 1991-ல் உயிரை மாய்த்துக்கொண்ட ஊழியருக்கு வயது 24. ஊழியரின் உடலும் மனமும் சீரழியாமல் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில்தான் சொன்னது. அதே நிறுவனத்தில் 2015-ல் மறுபடியும் 24 வயது ஊழியர் ஒருவர் அதே முடிவுக்குப் போனார். சட்டவிரோத ஓவர்டைமுக்காக 2017-ல் நிறுவனத்துக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 5 லட்சம் யென். உங்கள் ஸ்டூடியோ வேலையை விடுவதற்கு உங்களிடம் கேட்கிற அதே தொகை. இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மனசு மிகவும் சோர்ந்துபோனால் டெல் (TELL) என்ற அமைப்பு ஜப்பானில் ஆங்கிலத்தில் தொலைபேசி ஆலோசனை தருகிறது, வீட்டுக்குச் சொல்ல முடியாததை அவர்களிடம் சொல்லலாம்.

ஒப்பந்தத்தின் தலைப்பை நம்பாதீர்கள்

"நான் ஃப்ரீலான்ஸ், அதனால் தொழிலாளர் சட்டம் எனக்குப் பொருந்தாது" என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படிச் சொல்லித்தான் அந்தத் தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். நீங்கள் தொழிலாளியா இல்லையா என்பதை ஜப்பானியச் சட்டம் தலைப்பை வைத்து முடிவு செய்வதில்லை, உங்கள் நாள் எப்படிப் போகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. நேரம் அவர்கள் சொல்வது, இடம் அவர்களுடையது, வேலையை மறுக்க முடியாது, வேறு ஸ்டூடியோவுக்கு வரைய அனுமதி இல்லை, பணமும் படத்துக்கு இத்தனை என்று இல்லாமல் மாதத்துக்கு இவ்வளவு என்று வருகிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் தொழிலாளி என்று வாதாட உங்களிடம் நல்ல ஆதாரம் இருக்கிறது. உறுதியாக ஜெயிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், எதிர்த் தரப்பும் ஏதாவது சொல்லும்.

ஜெயித்தால் என்ன வரும்? தோராயமாகப் போட்டுக் காட்டுகிறேன். வாரம் 40 மணி என்றால் மாதத்துக்கு 173 மணி. 2025 அக்டோபர் முதல் டோக்கியோவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 1,226 யென். பெருக்கினால் 2 லட்சத்து 12 ஆயிரம். ஒரு நிமிடம்கூட ஓவர்டைம் செய்யாவிட்டாலும் உங்கள் 1 லட்சத்து 90 ஆயிரம் அதற்குக் கீழே இருக்கிறது. மிச்சம் 107 மணி ஓவர்டைம். முதல் 60 மணிக்கு 25 சதவீதம் கூடுதல், அதற்கு மேல் 50 சதவீதம், சிறிய கம்பெனிகளுக்கும் 2023 ஏப்ரலிலிருந்து இதுதான். அது 1 லட்சத்து 78 ஆயிரம் வருகிறது. ஆக மொத்தம் 3 லட்சத்து 90 ஆயிரம், அதாவது இப்போது வாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இரவு 10 மணிக்கு மேல் வேலை செய்ததற்கான தனிப் படியை இதில் நான் சேர்க்கவே இல்லை. பாக்கிச் சம்பளத்தை மூன்று வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம், முந்தைய மாதங்களுக்கு அப்போதிருந்த குறைந்தபட்ச ஊதியத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள்.

அதனால் இன்றிலிருந்து பதிவு செய்து வையுங்கள். வந்த நேரம், போன நேரம், அன்றைக்கு வரைந்த 'கட்', அதாவது காட்சித் துண்டின் எண், யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள். ரயிலுக்குப் பயன்படுத்தும் ஸூயிகா கார்டின் பயணப் பதிவை அச்சிட்டு வையுங்கள், பழையது அழிந்துகொண்டே வரும். இரவில் வந்த மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆனால் கம்பெனியின் வரைபடங்களையோ கட் உறைகளையோ வெளியே கொண்டுவராதீர்கள், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்கள் திருடியதாக ஆகிவிடும்.

தொழிலாளி என்ற வாதம் எடுபடாமல் போனாலும் கை விரிக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 1 முதல் ஃப்ரீலான்ஸ் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வேலை விவரத்தையும் தொகையையும் எழுத்தில் தர வேண்டும், வேலையை வாங்கி 60 நாளுக்குள் பணம் தர வேண்டும், உங்கள் தப்பில்லாமல் காசு தராமல் திருப்பித் திருப்பி வரையச் சொல்லக்கூடாது, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை முடிப்பதென்றால் 30 நாள் முன்பே சொல்ல வேண்டும். 'ரீடேக்' என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அது இங்கே வருகிறது. இன்னொன்றும் உண்டு: 2021 ஏப்ரலிலிருந்து ஃப்ரீலான்ஸ் அனிமேட்டர்களும் விரும்பினால் அரசின் தொழில் விபத்துக் காப்பீட்டில் தனியாகச் சேரலாம், பிரீமியம் நீங்களே கட்ட வேண்டும். உங்கள் ஸ்டூடியோவில் இதைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

அந்த 5 லட்சம் விஷயம். நீங்கள் தொழிலாளி என்று ஆனால் தொழிலாளர் தரச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி அப்படி முன்கூட்டியே தொகை குறித்து நஷ்டஈடு கேட்கும் வரியே செல்லாது. ஃப்ரீலான்ஸ் என்றே ஆனால் தானாகச் செல்லாமல் போகாது, அதுதான் ஆபத்து. ஆகவே கோபத்தில் ஒரு நாள் காலையில் போகாமல் இருந்துவிடாதீர்கள். கையில் இருக்கும் கட்களை முடித்துக் கொடுத்து, ஒப்பந்தத்தில் சொன்ன கால அவகாசம் கொடுத்து, எழுத்தில் சொல்லிவிட்டு வாருங்கள். நடந்த நஷ்டம் என்ன என்று காட்ட முடியாதவர்களுக்கு நீதிமன்றத்தில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, அது அவர்களுக்கும் தெரியும்.

விசா கம்பெனியின் சொத்து இல்லை

இந்த பயம்தான் உங்களை அந்த நாற்காலியில் கட்டிப்போட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். தொழில்நுட்பம், மனிதவியல், சர்வதேசச் சேவை வேலைகளுக்கான, 'கிஜின்கோகு' என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் விசாதான் உங்களுடையது. அது குடிவரவுத் துறை உங்கள் பெயரில் கொடுத்தது, வேலையை விட்டால் அன்றைக்கே காலாவதி ஆவதில்லை, கம்பெனியால் ரத்து செய்யவும் முடியாது. நீங்கள் செய்ய வேண்டியது, விலகிய 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், புதிய இடத்தில் சேர்ந்ததும் மறுபடி 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், ஆன்லைனிலேயே முடியும். தகுந்த காரணம் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் அந்த விசாவுக்கான வேலையைச் செய்யாமல் இருந்தால் ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு, வேலை தேடிக்கொண்டிருப்பதைக் காரணமாகக் காட்டலாம், ஆனால் தேடியதற்குச் சான்று இருக்க வேண்டும். ஒசாகா உறுதியானால் புதிய வேலை இந்த விசாவுக்குள் வருகிறது என்று குடிவரவுத் துறையிடம் ஒரு சான்றிதழ் வாங்கிவிடுங்கள், 'ஷூரோ ஷிகாகு ஷோமெய்ஷோ' என்று கேட்டால் தெரியும். நீங்கள் தொழிற்பள்ளியில் படித்ததும் கேம் கிராஃபிக்ஸ் வேலையும் ஒரே துறை என்பதால் பெரிய சிக்கல் வராது, இருந்தாலும் அடுத்த புதுப்பித்தலில் கேள்வி வராமல் இருக்க இது உதவும்.

கம்பெனி மாறுகிறவர்கள் மறக்கிற விஷயம் ஒன்று. இப்போது தேசிய சுகாதாரக் காப்பீடும் தேசிய ஓய்வூதியமும் நீங்களே கட்டிக்கொண்டிருப்பீர்கள். மாறும் மாதங்களில் இது விட்டுப்போகும். பின்னாளில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தால் கட்டினீர்களா என்பதோடு, தேதிக்குள் கட்டினீர்களா என்றும் பார்ப்பார்கள்.

வீட்டில் வரைந்தவை

ஸ்டூடியோவின் வேலைக்காக வரைந்ததெல்லாம் ஸ்டூடியோவுக்குப் போகும், அதில் சண்டை போட ஒன்றுமில்லை. வீட்டில், உங்கள் கருவியில், உங்களுக்காக வரைந்த கதாபாத்திரம் உங்களுடையது, ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாத வரை. எனவே ஒப்பந்தத்தில் உரிமை மாற்றப் பத்தியைப் பாருங்கள். "இந்த ஒப்பந்தத்தின் கீழ் செய்த படைப்புகள்" என்று இருந்தால் பரவாயில்லை. "ஒப்பந்தக் காலத்தில் உருவாக்கிய எல்லாம்" என்று இருந்தால் நின்று யோசிக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 27, 28-ஆம் பிரிவுகள், அதாவது தழுவி வேறொன்றாக்கும் உரிமைகள், பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால் உங்களிடமே தங்கிவிட்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். விவரம் தெரிந்த கம்பெனிகள் அந்த இரண்டு எண்களையும் தவறாமல் எழுதிவிடும். படைப்பாளி என்ற முறையில் உங்களுக்கு இருக்கும் தார்மீக உரிமையை யாருக்கும் விற்க முடியாது, அதனால் "அதைப் பயன்படுத்த மாட்டேன்" என்று எழுதி வாங்குவார்கள், அந்த வரியும் இருக்கிறதா பாருங்கள்.

உங்கள் சொந்தக் கதாபாத்திரங்களைச் சிறு புத்தகமாக்கி, சொந்தப் படைப்புகளைத் தாங்களே அச்சிட்டு விற்கும் கொமிதியா சந்தையில் விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். படைப்பு உங்களுடையது என்றாலும் அதிலிருந்து வருமானம் வந்தால் விசா அனுமதிக்குள் வருகிறதா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. வெளிவராத எபிசோடின் ஒரு கோட்டைக்கூட இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள்.

ஒசாகா, அப்பா, சீனியர்

ஒசாகா போங்கள் என்பதுதான் என் கருத்து. ஆனால் 2 லட்சத்து 80 ஆயிரத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். "45 மணி ஓவர்டைம் உட்பட" என்று நீங்கள் அனுப்பிய வரியில் இருக்கிறது. அதைப் பிரித்தால் அடிப்படைச் சம்பளம் சுமார் 2 லட்சத்து 11 ஆயிரம்தான், போனஸ் பெரும்பாலும் அதை வைத்துத்தான் கணக்காகும். 45 மணி தாண்டினால் தனியாகத் தர வேண்டும், தருவார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். வேலை நேரத்தை நீங்களே தீர்மானிக்கும் முறை என்று ஒரு தாளும் நீட்டலாம், கேம் மென்பொருள் உருவாக்கம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து உங்கள் சம்மதம் இல்லாமல் அதில் சேர்க்க முடியாது, மறுத்ததற்காகப் பாதகமாக நடத்தவும் கூடாது. முதல் வருடம் அதில் கையெழுத்துப் போடாமல் இருப்பதே நல்லது என்பேன். கேம் கம்பெனிகளிலும் வெளியீட்டுக்கு முன் இரவு பகல் பார்க்காத மாதங்கள் உண்டு, இது சொர்க்கம் இல்லை. ஆனால் ஓவர்டைமுக்கு மாதம் 45, வருடம் 360 என்று உச்சவரம்பு, விசேஷ நேரத்தில் தாண்டினாலும் மாதம் நூறைத் தொடக்கூடாது. ஆறு மாதம் முடிந்ததும் 10 நாள் சம்பள விடுப்பு, காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் கம்பெனியின் பங்கு, இதெல்லாம் ஊழியர் என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் கிடைக்கும்.

திரைப்பட அனிமேஷன்தான் கனவு என்கிறீர்கள். கை நன்றாக இருந்தால் இரண்டு வருடம் கழித்து, சம்பளத்துக்கு ஆள் எடுக்கும் ஸ்டூடியோவுக்கு ஒசாகாவிலிருந்தே விண்ணப்பிக்கலாம், அப்படி எடுக்கும் இடங்கள் முன்பைவிட இப்போது அதிகம்.

அப்பா சொல்வதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர் மகளின் கையைப் பற்றிக் கவலைப்படுகிறார். ஊருக்குத் திரும்புவதென்று முடிவெடுத்தால், ஆறு மாதத்துக்கு மேல் ஓய்வூதியம் கட்டியிருந்தால் ஜப்பானை விட்டு வந்த இரண்டு வருடத்துக்குள் ஒரு தொகையைத் திரும்பக் கேட்கலாம். வாங்கிவிட்டால் அந்த வருடங்கள் கணக்கிலிருந்து போய்விடும், எனவே திரும்பப் போகும் எண்ணம் இருந்தால் அவசரப்பட வேண்டாம்.

சீனியர் நல்ல மனிதர்தான், உங்கள் மேல் அக்கறை இல்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் அதே ஒப்பந்தத்தில் பதினான்கு வருடமாக இருக்கிறார், மனைவியின் சம்பளத்தில் வாடகை கட்டுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கல் இன்னும் சூடானதாகத் தெரியவில்லை.

பாக்கிச் சம்பளத்தைப் பற்றி: இப்போதே புகார் கொடுப்பது, வெளியேறிய பிறகு கேட்பது, கேட்காமலே விடுவது என்று மூன்று வழி இருக்கிறது. தொழிலாளர் தர ஆய்வு அலுவலகத்தில் புகார் சொன்ன தொழிலாளியை அதற்காக வெளியேற்றக்கூடாது என்று சட்டம் சொல்கிறது, ஆனால் உங்களைத் தொழிலாளி என்றே ஒப்புக்கொள்ளாத இடத்தில் அந்தப் பாதுகாப்பை நம்பி உள்ளே உட்கார்ந்திருப்பது கஷ்டம். டோக்கியோவின் சுகினாமி, நெரிமா வட்டாரத்தில் எல்லா ஸ்டூடியோவும் ஒன்றையொன்று அறியும், பேச்சு பரவும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒசாகாவில் சேர்ந்து, சோதனைக் காலம் முடிந்ததும், மூன்று வருடக் கெடு ஒவ்வொரு மாதமாகக் கரைவதற்குள் கேட்பேன். அதற்கு முன்னால் டோக்கியோ யோட்சுயாவில் வெளிநாட்டவர் உதவி மையம் இருக்கிறது, ஃப்ரெஸ்க் என்பார்கள், விசா, தொழிலாளர் விவகாரம், சட்ட உதவி மூன்றும் ஒரே கட்டடத்தில். ஃப்ரீலான்ஸ் தகராறுகளுக்கென்று வக்கீல்கள் சங்கம் நடத்தும் இலவச ஆலோசனை எண்ணும் உண்டு, 'ஃப்ரீலான்ஸ் டிரபிள் 110' என்று தேடுங்கள். கட்டணம் கட்ட வசதி இல்லாதவர்களுக்கு ஹோதெராசு என்ற அரசு சட்ட உதவி அமைப்பு வக்கீல் செலவை முன்பணமாகத் தரும்.

ஒசாகா கம்பெனியிடம் வேலை நிபந்தனைகளை எழுத்தில் கேளுங்கள், தருவது அவர்கள் கடமை. பின்னாளில் எந்த ஊருக்கு, எந்த வேலைக்கு மாற்றக்கூடும் என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளையும், இப்போதைய ஒப்பந்தத்தின் உரிமை மாற்றப் பத்தி, விலகல் பத்தி இரண்டையும் படம் எடுத்து அனுப்புங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்துச் சொல்கிறேன்.